டெயில்ஸ்கேல்: வெளியூர்லேர்ந்து வீட்டு ஜெல்லிஃபின் பாக்க இதான் பெஸ்ட்

வீட்ல ஜெல்லிஃபின் சர்வர் (நம்மகிட்ட இருக்குற வீடியோவ டிவி, போன்ல பாக்க வைக்கிற சாஃப்ட்வேர்) ஓட்றவங்க கண்டிப்பா டெயில்ஸ்கேல் போடுங்க, நம்ம டிவைஸ் எல்லாத்தையும் ஒரு தனி நெட்வொர்க்கா இணைக்கிற விபிஎன் ஆப் அது. நம்மூர் பிராட்பேண்ட்ல நிறைய கனெக்‌ஷன் சிஜிநாட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு, அதாவது ஒரே பப்ளிக் ஐபிய பல வீடு பங்கு போட்டுக்குது, அதனால ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் (வெளிலேர்ந்து வர்றத வீட்டு சர்வருக்குத் திருப்பி விடுற செட்டிங்) எவ்ளோ போட்டாலும் வெளிலேர்ந்து உள்ள வர முடியாது. டெயில்ஸ்கேல் வயர்கார்டுங்கிற விபிஎன் தொழில்நுட்பம் மேல ஓடுது, சர்வர்லயும் போன்லயும் போட்டு ஒரே அக்கவுண்ட்ல லாகின் பண்ணா ரெண்டுக்கும் 100ல ஆரம்பிக்கிற ஒரு ஐபி வரும், சர்வரோட ஐபிய 8096 போர்ட்டோட ஜெல்லிஃபின் ஆப்ல குடுத்தா முடிஞ்சுது. ரவுட்டரத் தொடவே வேணாம், எதையும் இன்டர்நெட்டுக்குத் திறந்து விடவும் வேணாம், எனக்கு அதான் ரொம்பப் புடிச்சது.

நேரடி கனெக்‌ஷன் அமையலன்னா நடுவுல இருக்குற ரிலே சர்வர் வழியா சுத்திட்டுப் போகும், அப்ப 4கே திணறும், ஜெல்லிஃபின்ல குவாலிட்டிய 720பிக்கு குறைச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) இருந்தா நேரடியா கெடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ஆண்ட்ராய்டு டிவிக்கும் டெயில்ஸ்கேல் ஆப் இருக்கு. பெர்சனல் பிளான் ஃப்ரீ, ஜெல்லிஃபின் மாதிரியே இருக்குற ப்ளெக்ஸ்ல 2025 ஏப்ரல்லேர்ந்து வெளிலேர்ந்து வீடியோ பாக்கவே காசு கேக்குறப்ப இது பெரிய விஷயம்ங்க.