பழைய ஐ7 பெட்டியில் விமானம் ஓட்ட: 3060-ஆ, 4060-ஆ, 6600-ஆ?

எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஃபிளைட் சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள்) பித்துப் பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கொழிஞ்சாம்பாறையில் என் மேசைக்கு அடியில் இருக்கிற அதே மாதிரிப் பெட்டிதான் அவர்களில் பலரிடமும் இருக்கிறது: 2014 காலத்து ஐ7-4790 பிராசஸர், 16 ஜிபி டிடிஆர்3 ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. டைப் அடிக்க, கணக்குப் பார்க்க, படம் பார்க்க இன்னும் ஜம்மென்று ஓடுகிறது. கோயம்புத்தூரில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை எழுப்பி, வாளையாறு தாண்டி, வலது பக்கம் நீலகிரியும் இடது பக்கம் ஆனைமலையும் தெரிய, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சிக்குக் கிளம்பினால்தான் மூச்சு வாங்குகிறது.

முழுப் பெட்டியையும் மாற்றக் காசில்லை, கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 4060, ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6600 என்று போட்டி மூன்று கார்டுகளுக்கு நடுவே. 1050 டிஐ-யைத் தூக்க இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியா தரும் கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன; இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

கோவை காந்திபுரத்துக் கடையில் போய் நின்றால் பேச்சு இப்படித்தான் போகும்.

“எந்த கேமுக்குங்க?”

“கேம் இல்லீங்க, ஃபிளைட் சிமுலேட்டர்.”

“அப்ப ஹெவியாவே போட்டுருங்க. 5060 டிஐ, 16 ஜிபி.”

அவர் சொல்வதில் பாதி சரி. சிமுலேட்டருக்கு வீடியோ மெமரி நிறைய வேண்டும். ஆனால் என்ன பிராசஸர் வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அவ்வளவு பெரிய கார்டைப் பத்து வருஷப் பழைய பிராசஸரோடு கட்டினால், பிராசஸர் ஒவ்வொரு ஃபிரேமாக (திரையில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்) தயார் செய்து தரும் வரை கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

அதனால் கடைக்குப் போகும் முன்பு வீட்டிலேயே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை ஆன் செய்து எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) பெட்டியைத் திறந்தால், தடை எங்கே என்று அதுவே எழுதிக் காட்டும். ‘மெயின்திரெட்’ என்று வந்தால் பிராசஸர்தான் திணறுகிறது, ‘ஜிபியு’ என்று வந்தால் கார்டு. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் டேட்டா அவுட்புட் பக்கம் போய் ஃபிரேம் ரேட் வரிசைக்கு டிக் போட்டால், சிபியு (பிராசஸர்) நேரமும் ஜிபியு நேரமும் தனித்தனியாகத் தெரியும். கூடவே விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து வையுங்கள். டெடிகேட்டட் மெமரி 4 ஜிபி-யில் முட்டி நின்று, கீழே ஷேர்டு மெமரி ஏறிக்கொண்டே போனால், கார்டில் இடமில்லாமல் சரக்கு ரேமுக்கு வழிகிறது என்று அர்த்தம். பாலக்காடு தாண்டியதும் தரை மங்கலாகி, கொச்சியை நெருங்கும்போது படம் நின்று நின்று வருவது அதனால்தான்.

வழிகிற சரக்கு கார்டுக்குத் திரும்ப வர ஒரே பாதை, போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட். போட்டியின் முடிவு இங்கேதான் பாதி தீர்மானமாகிறது. ஆர்டிஎக்ஸ் 3060 பதினாறு லேன் (தரவு ஓடும் தடம்) கார்டு. 4060-க்கும் ஆர்எக்ஸ் 6600-க்கும் எட்டு லேன்தான். புதிய போர்டில் பிசிஐஇ 4.0 இருப்பதால் எட்டே தாராளம். நம் பெட்டியின் பி85 மதர்போர்டில் இருப்பது 3.0. அதில் பதினாறு லேனுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி, எட்டு லேனுக்கு 8 ஜிபி. விலை குறைவு என்று அந்தக் காலத்தில் பலர் வாங்கிய எச்81 போர்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது 2.0 மட்டுமே, எட்டு லேன் என்றால் 4 ஜிபி-யோடு சரி.

3060 வந்தது 2021-இல். 12 ஜிபி மெமரி, 170 வாட். எக்ஸ்-பிளேன் 12 ஓட்டுகிறவர்களுக்கு, அதிலும் ஆர்த்தோ4எக்ஸ்பி வைத்துச் செயற்கைக்கோள் படத்தில் ஊரைத் தாங்களே செய்துகொள்கிறவர்களுக்கு, நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். கோவை விமான நிலையம் +11+077 கட்டத்தில் (அட்சரேகை 11, தீர்க்கரேகை 77) வரும்; கொழிஞ்சாம்பாறை, மலம்புழா அணை, கொச்சி விமான நிலையம் மூன்றும் +10+076-இல் வரும். இந்தக் கட்டங்களை ஜூம் 16-இல் செய்தால் ஓரளவு சமாளிக்கலாம். வயல் வரப்பு தெரிய வேண்டும் என்று 17-க்குப் போனால் அதே நிலத்துக்கு நான்கு மடங்கு படம். 8 ஜிபி கார்டு அங்கே மூச்சு முட்டும். 3060-இல் இன்னும் இடம் இருக்கும், வழிந்தாலும் திரும்பி வரப் பாதை அகலம். 2022-இல் இதே 3060 பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. மெமரி மட்டுமல்ல, மெமரிக்குப் போகும் பாதையான அதன் பஸ்ஸும் 192 பிட்டிலிருந்து 128-க்குக் குறுகிவிட்டது. அட்டைப் பெட்டியில் 12 என்று இருக்கிறதா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள்.

4060-இன் கதை வேறு. 2023-இல் வந்தது, 8 ஜிபி, 115 வாட். வெறும் வேகத்தில் 3060-ஐ விடக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது, ஆளைத் தூக்கும் அளவுக்கு இல்லை. அதன் முக்கிய ஆயுதம் ஃபிரேம் ஜெனரேஷன். பிராசஸரைக் கேட்காமலே இரண்டு ஃபிரேமுக்கு நடுவே ஒன்றைக் கார்டே வரைந்து சேர்க்கும். மெயின்திரெட்டில் மாட்டிக்கொண்டு தவிக்கிற பழைய ஐ7-க்கு இது வரப்பிரசாதம். சுடுகிற கேம்களில் கைக்கும் திரைக்கும் நடுவே வரும் சின்னத் தாமதம் ஆளைக் கொன்றுவிடும். கணவாய்க்குள் நூறு நாட் வேகத்தில் போகிற செஸ்னாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 2020, 2024 இரண்டிலும் இந்த வசதி உண்டு. எக்ஸ்-பிளேன் 12-இல் கிடையாது. அங்கே 4060 வாங்கினால், காசு கொடுத்த ஆயுதம் உறையிலேயே கிடக்கும்.

ஃபிரேம் ஜெனரேஷனிலும் குறை இல்லாமல் இல்லை. செஸ்னாவின் டிஜிட்டல் கருவிப் பலகையான ஜி1000 திரையில் உயரம் வேகமாக மாறும்போது எண்களுக்குப் பின்னால் நிழலடிக்கும். சேர்க்கும் ஃபிரேமுக்கும் மெமரி வேண்டும், அதுவும் அந்த 8 ஜிபி-யிலிருந்துதான் போக வேண்டும். அடிப்படை ஃபிரேமே இருபதுக்குக் கீழே கிடந்தால், எண்ணிக்கை கூடினாலும் கரிப்பூரின் (கோழிக்கோடு விமான நிலையம்) மேசை ஓடுபாதையில் இறக்கும்போது ஸ்டிக் மட்டும் கல்லாகவே இருக்கும். 2024 பதிப்பைக் குறி வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அது கேட்கும் குறைந்தபட்ச இன்டெல் பிராசஸரே ஐ7-6800கே. நம் 4790 அந்தக் கோட்டுக்கே வரவில்லை. 2020 பதிப்பு ஐ5-4460-இலேயே திருப்தியாகிவிடுகிறது. இந்தப் பெட்டிக்கு அதுதான் தோது.

ஆர்எக்ஸ் 6600 பற்றி அதிகம் சொல்ல இல்லை. 8 ஜிபி, 132 வாட், மூன்றில் பொதுவாக விலையில் சிக்கனமானது இதுதான். 1080பி மானிட்டரில் மைக்ரோசாஃப்ட் 2020-க்கு நல்ல கார்டு. எக்ஸ்-பிளேனில் ஓபன்ஜிஎல் என்ற பழைய முறையில் வரையும் பிளகின்கள் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்கள்) ஏஎம்டி கார்டில் மினுக்கும் தொல்லை இருந்தது. பிறகு ஜிங்க் என்ற வழியைச் சேர்த்து அதைச் சரி செய்தார்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 நம் பிராசஸரை ஏற்காது. இந்தக் கடுப்பில் லினக்ஸுக்கு மாறி எக்ஸ்-பிளேனோ ஃபிளைட்கியரோ ஓட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் 6600-ஐ முதலிடத்தில் வைப்பேன். அதன் டிரைவர் லினக்ஸோடேயே வந்துவிடும்.

இன்டெல் ஆர்க் பி580-இன் 12 ஜிபி-யைப் பார்த்துச் சபலப்பட வேண்டாம். ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசஸர் ஒரே சமயத்தில் எட்டும் வசதி) இல்லாத போர்டில் அது படுத்துவிடும், நம் போர்டில் அது இல்லை.

இனி கரண்ட் விஷயம். 1050 டிஐ பெரும்பாலும் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே பிழைத்துக்கொண்டது, தனி வயர் கேட்கவில்லை. மேலே சொன்ன மூன்றுக்கும் பவர் வயர் கட்டாயம், பெரும்பாலும் 8 பின். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்-ஸில் (பெட்டிக்குள் கரண்ட் தரும் பவர் சப்ளை) மோலெக்ஸ் கன்வெர்ட்டர் மாட்டி ஒப்பேற்றாதீர்கள்; நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்-ஸையும் கார்டின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடிக்குப் பயந்து எங்கள் பக்கம் எல்லோரும் யுபிஎஸ் வைத்திருக்கிறோம். வழக்கமான 600 விஏ பெட்டி தருவது 360 வாட். 3060-க்கு 170, பிராசஸருக்கு 84, மேலே போர்டு, டிஸ்க், மானிட்டர் என்று கூட்டினால் முந்நூறைத் தாண்டிவிடும். பழைய பேட்டரி என்றால் கரண்ட் போன நொடியே அதுவும் போய்விடும். 4060-இல் ஐம்பத்தைந்து வாட் மிச்சம். இந்த ஒரு இடத்தில் என் 3060 கட்சி தோற்கிறது.

எஸ்எம்பிஎஸ் மாற்றவே முடியாத, அதற்கென்றே தனி பின் வைத்த கம்பெனி ஆபீஸ் பெட்டியா? அப்படியானால் 70 வாட்டில், தனி வயர் இல்லாமல் ஓடும் 3050 6 ஜிபி ஒன்றுதான் வழி. மெமரி ஒன்றரை மடங்காகும், 1050 டிஐ-யை விடத் தெளிவான முன்னேற்றம், அவ்வளவுதான்.

எங்கே வாங்குவது என்றால், வாளையாறுக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். எங்களுக்குக் கோவை பக்கம், பார்த்து வாங்கலாம். 3060-ஐப் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டியிருக்கும். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றதும் சந்தையில் கொட்டிய கார்டுகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேனை விரலால் சுற்றி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடையிலேயே மாட்டச் சொல்லி, மெமரி நிரம்புகிற மாதிரி ஒரு டெஸ்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று கவனியுங்கள். ஓட்டிக் காட்ட முடியாது என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.