எம்.பி. பதவிக்கு வரம்பு வேண்டுமா, வேண்டாமா?

ஒரே ஆள் முப்பது வருடம் ஜெயித்துக்கொண்டே இருந்தால் தொகுதி அவருடைய பட்டா நிலம் மாதிரி ஆகிவிடும். வரம்பு கேட்பவர்களின் வாதம் இதுதான். நியாயமான பயம்.

பிலிப்பைன்ஸ் இதை 1987 அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது: கீழவை உறுப்பினர் மூன்றாண்டுப் பதவியில் தொடர்ந்து மூன்று முறை, செனட்டர் ஆறாண்டுப் பதவியில் தொடர்ந்து இரண்டு முறை. நடந்தது என்ன? பல தொகுதிகளில் கணவர் இறங்கினார், மனைவி ஏறினார், பிறகு மகன். 'தொடர்ந்து' என்று ஒரு சொல் இருக்கிறதே, ஒரு தவணை வெளியே உட்கார்ந்துவிட்டு அவரே திரும்பியும் வரலாம்!

மெக்சிகோவின் கதை வேறு. 1933 முதல் அங்கே அடுத்தடுத்துப் போட்டியிடத் தடை. எப்படியும் மறுபடி ஓட்டுக் கேட்கப்போவதில்லை. அடுத்த பதவியைத் தருவது கட்சித் தலைமை. உறுப்பினர் யார் முகத்தைப் பார்ப்பார்? 2014 திருத்தம் பன்னிரண்டு ஆண்டுவரை தொடரலாம் என்று தளர்த்தியது.

வரம்பில்லாத பக்கம் அமெரிக்கக் காங்கிரஸ். அதிபருக்கு இரண்டு முறைதான். ராபர்ட் பேர்ட் என்பவரோ 1959 முதல் 2010-இல் இறக்கும்வரை செனட்டர். மாநிலங்கள் தாமாக வரம்பு போட முடியாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தீர்ப்பளித்தது. அனுபவம் சும்மா வராது என்பது உண்மை: பட்ஜெட் தாள்களைப் படிக்கவே புதியவருக்கு ஒரு தவணை போய்விடும், அதுவரை அதிகாரிகள் சொல்வதே வேதம்.

என் ஓட்டு வரம்புக்கே. ஆனால் 'தொடர்ந்து' வேண்டாம். வாழ்நாள் மொத்தமாகப் பதினைந்து ஆண்டு. குடும்பத்தார் வருவதை அதுவும் தடுக்காது, அதற்குத் தனிச் சட்டம் வேண்டும்.