நாலு நாள் பள்ளியா, ஐந்து நாள் பள்ளியா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 178 பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள். அவற்றில் பாதிக்கு மேல், பெரும்பாலும் கிராமப்புறத்தவை, வாரம் நாலு நாள்தான் நடக்கின்றன. மேல்வகுப்புக்கு ஆண்டுக்கு 1,080 மணி நேரம் என்ற கணக்கு குறையாது. அதனால் ஒவ்வொரு நாளும் நீள்கிறது. தூரத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளை குளிர்காலத்தில் இருட்டோடு மஞ்சள் பஸ் ஏற வேண்டும்.

பண மிச்சம் சொற்பம்: 2011 ஆய்வொன்றில், பார்த்த மாவட்டங்களில் மொத்தச் செலவில் 0.4 முதல் 2.5 சதவீதம். ஆசிரியர் சம்பளம் குறையாதே! உண்மையான லாபம் வேறு. நகரச் சம்பளம் தர முடியாத சின்ன மாவட்டம், கூடுதல் விடுமுறையைக் காட்டி ஆசிரியரை இழுக்கிறது.

ஐந்து நாள் பள்ளியில் பிள்ளைக்கு ஐந்து நாளும் மதியச் சாப்பாடு உண்டு, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நிம்மதி. எனக்கு அதுதான் சரி. கணக்கு ஆசிரியரே கிடைக்காத ஊரில் மட்டும் நாலு நாளுக்குச் சம்மதிப்பேன், அதுவும் ஐந்தாம் நாள் சாப்பாட்டுக்கு வழி செய்த பிறகே.