மல்லாட்டைக்கு அஃப்ளாடாக்சின் பட்டை: மண்டிக்குச் சரி, ஐரோப்பாவுக்குப் போதாது

வேலூர், ஆரணிப் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) வாங்குகிறவர்களுக்கு, பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சைக் கண்டுபிடிக்கும் இந்த விரைவுச் சோதனைப் பட்டை உபயோகமானதுதான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் காசு தண்டம். 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு) அளவுக்குச் செய்த பட்டை என்றால் அது அமெரிக்க வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாகத் தின்னும் பருப்புக்கு அஃப்ளாடாக்சினில் பி1 என்ற வகை மட்டும் 2, எல்லா வகையும் சேர்த்து மொத்தம் 4 பிபிபிதான். தரம் பிரித்த பிறகே விற்பனைக்குப் போகும் பருப்புக்கு பி1 8, மொத்தம் 15. ஆக, 20 பிபிபி பட்டையில் இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்து 'வரம்புக்குள்' என்று காட்டிய சரக்கு 18 பிபிபி இருக்கலாம். ஐரோப்பியத் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும்.

"போலந்துக்கு அனுப்பினால் கெடுபிடி குறைவு" என்ற கணக்கும் செல்லாது. போலந்து, ஹங்கேரி உட்பட 10 நாடுகள் 2004 மே 1இல் ஒன்றியத்தில் சேர்ந்ததும் அங்கும் இதே வரம்பு வந்துவிட்டது. 2013 ஜூலையில் குரோவேஷியா சேர்ந்தபோது, ஒட்டியிருக்கும் போஸ்னியாவின் பாலே ஒன்றிய விதிக்குப் பொருந்தாமல் எல்லையில் நின்றுபோனது. கடல் தாண்டிப் போகும் நம் மூட்டைக்கு யார் சலுகை தருவார்கள்?

பட்டை பொய் சொல்வது பெரும்பாலும் மாதிரி எடுப்பதில்தான். நச்சு எல்லாப் பருப்பிலும் பரவி இருக்காது. ஆயிரத்தில் ஒன்றிரண்டில் குவிந்திருக்கும். மேல் மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளினால் சோதனையே வீண். ஐரோப்பிய முறையில் 25 டன்னுக்கு 100 இடத்தில் சுமார் 200 கிராம் வீதம் 20 கிலோ எடுக்கிறார்கள். மாதிரியை அரைக்கும்போது மிக்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். ஒரேயடியாக அரைத்தால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். அடுத்த மாதிரிக்கு முன் ஜாரைக் கழுவாவிட்டால் பழைய நச்சு ஒட்டிக்கொள்ளும். அரைத்ததிலிருந்து நச்சைப் பிரிக்கும் கரைசல் மெத்தனால் என்றால் மூடியைத் திறந்து வைக்காதீர்கள், ஆவியாகி விகிதம் கெடும். குளிரில் வைக்கச் சொன்ன பட்டையை மே மாத வேலூர் வெயிலில் மேசைமேல் போட்டால் கோடு மங்கும். பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லையா, அந்தப் பட்டையைத் தூக்கி எறியுங்கள்.

ஐரோப்பாவுக்கு என்றால் 4 பிபிபி பட்டையை வாங்கி, சந்தேகமான மூட்டைகளைக் கழிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சான்றுக்கு அபெடா (மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையம்) அங்கீகரித்த ஆய்வகம்தான்.

இன்னொன்று: ஓடு உடைக்கும் மிஷினில் பருப்பு உடையாமல் இருக்கக் காய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பருப்பை 7 சதவீத ஈரத்துக்குக் கீழே காயவைத்த பிறகு சோதியுங்கள். ஓட்டோடு காயாக இருக்கும்போது பார்த்த முடிவை நம்பி ஏற்றாதீர்கள்.