தாய்மார் கூட்டத்தில் நான்கு ஆண்டுகள்

இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்வது நன்றிகெட்ட வேலை என்கிறார் என் கணவர். இருக்கட்டும். பிள்ளை வளர்ப்புக்கான தாய்மார் கூட்டத்துக்கு நான்கு ஆண்டுகளாகப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் வந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். புதிதாகச் சேர நினைக்கிறவர்களுக்கு உதவும். நடத்துகிறவர்கள் யாராவது படித்தால் இன்னும் நல்லது.

எங்கள் ஊர் இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே இருக்கிறது. மூத்தவள் 2021 மார்ச்சில் பிறந்தாள். பிள்ளை வளர்ப்புக்கென்று இங்கே ஒரு தாய்க்குக் கிடைக்கும் உதவி இரண்டு வகை. ஒன்று எப்போதும் இருப்பது: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தர், மாதக் கிளினிக், பெண் பிள்ளை என்றால் ரோசா நிறத்திலும் ஆண் பிள்ளை என்றால் நீல நிறத்திலும் தரும் வளர்ச்சிக் கொப்பி. மற்றது வந்து போவது: ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பெற்றோர் நிகழ்ச்சி. இரண்டு கிழமைக்கு ஒரு கூட்டம், மாதத்துக்கு ஒரு வீட்டுத் தரிசிப்பு.

முதலில் குடும்பநல உத்தியோகத்தரைப் பற்றி. எங்களுக்கு அவர் மிட்வைஃப் மிஸ். பிள்ளை பிறந்து பத்து நாள்களுக்குள் இரண்டு முறை வீடு தேடி வந்தார். என் அம்மா என்னைப் பெறப் போனபோது மண்முனையில் பாலம் இல்லை. வலியோடு பாதைக்காக, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் படகுக்காக, காத்திருந்து வாவியைக் கடந்ததை இன்றைக்கும் சொல்வார். பாலம் 2014 இல்தான் திறந்தார்கள். அந்தத் துறையைத் தாண்டி ஒருவர் ஸ்கூட்டியில் வந்து, என் தையலையும் பிள்ளையின் தொப்புளையும் பார்த்துவிட்டுப் போகிறார் என்பதே அம்மாவுக்கு அதிசயமாக இருந்தது.

ஆனால் அதிசயம் வேறு, கீழ்ப்படிவு வேறு. மகளுக்கு நான்கு மாதம், கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். "பச்சைப் பிள்ளை நாவறண்டு கிடக்க நாங்கள் மட்டும் இளநீர் குடிப்பதா?" என்று அம்மா எனக்குத் தெரியாமல் கரண்டியில் தண்ணீர் பருக்கினார். அடுத்த தரிசிப்பில் நான் கோள் சொன்னேன். மிஸ் ஏசவில்லை. "அம்மா, ஒரு நாளைக்குப் பிள்ளை எத்தனை சீலை நனைக்கிறாள்?" என்று கேட்டார். அம்மா எழுந்து கொடிக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த துண்டுகளை விரல் விட்டு எண்ணினார். எட்டு. "உள்ளே போகாமலா வெளியே வருகிறது? இவ்வளவும் பாலில் இருந்த தண்ணீர்தானே" என்றார் மிஸ். அன்றோடு கரண்டி ஒதுங்கியது. என் வாதமெல்லாம் சாதிக்காததை எட்டுச் சீலைத் துண்டு சாதித்துவிட்டது.

கிளினிக்கில் எனக்குப் பிடிக்காதது நிறை பார்க்கும் நேரம். தராசில் பிள்ளை தொங்கும்போது வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் முள்ளைத்தான் பார்ப்பார்கள். கொப்பியில் கோடு பச்சைக்குள் இருந்தால் தாய் கெட்டிக்காரி. கொஞ்சம் சரிந்தால் "பால் காணாதாக்கும்" என்ற முணுமுணுப்பு. ஒன்பதாம் மாத ஊசிக்குப் போனபோது மகளின் கோடு சரிந்திருந்தது. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு மாத நிறையை வைத்து முடிவுகட்டக் கூடாது, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம் என்று பிறகுதான் புரிந்தது. அதை வரிசையில் வைத்தே சத்தமாகச் சொன்னால் எத்தனையோ பேர் நிம்மதியாக வீடு போவார்கள்.

இனி, வந்து போனது. 2021 ஒக்டோபரில் ஊரடங்கு தளர்ந்த பிறகு கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து உருவாக்கிய பாடத்திட்டத்தை ஒட்டியது என்றார்கள். கர்ப்பகாலத்தையும் முதல் இரண்டு வயதையும் கூட்டினால் ஆயிரம் நாள். அதற்குள் மூளை வேகமாக வளர்கிறது. விளையாட்டும் பேச்சும் அதற்குச் சோறு மாதிரி. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தந்த படங்களில் தாய் சோபாவில் இருந்தாள், பிள்ளை கையில் அப்பிள். 2022 இல் எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றுவிட்டு வந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வீட்டுத் தரிசிப்பு வேறு விதம். நிறுவனத்திலிருந்து வந்த பெண் பிள்ளைக்கு இருபத்துநான்கு வயது இருக்கும், கல்யாணமாகவில்லை. "பெறாதவள் பெற்றவளுக்குப் படிப்பிக்க வந்திருக்கிறாள்" என்று அம்மா அடுப்படியிலிருந்து முணுமுணுத்தது அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் பையிலிருந்து விளையாட்டுச் சாமான் எதையும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சிரட்டை இரண்டையும் அகப்பையையும் கேட்டு வாங்கி, மகளின் முன்னால் வைத்தாள். மகள் தட்டினாள், அவளும் தட்டினாள். பிறகு பேசாமல் இருந்தாள். ஐந்து எண்ணும் அளவுக்கு. மகள் அவள் முகத்தைப் பார்த்து "ங்ஙா" என்றாள். "பிள்ளை ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்று சொல்லுங்கள் அக்கா. பிறகு அவளுடைய முறை வரக் காத்திருங்கள்."

"பேச்சு வராத பிள்ளையோடு என்ன கதை மகள்?" என்றார் அம்மா. அவள் திரும்பி, "அம்மம்மா, நீங்கள் திருவலையில் தேங்காய் துருவும்போது இவளோடு கதைத்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? 'இந்தா பூ விழுகிறது, உனக்கும் வேண்டுமா' என்று. நான் வந்ததே அதைச் சொல்லத்தான்" என்றாள். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தேநீரில் மட்டும் சீனி கூடுதலாக இருந்தது.

இந்த நிகழ்ச்சிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது உண்மையில் இது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு, வீட்டின் ஆட்சி மகளின் தாய்க்கு. பிள்ளைக்கு எப்போது சோறு ஊட்டுவது, எதற்குக் கண்ணூறு கழிப்பது, எந்த இருமலுக்கு எந்தச் சரக்கு, எல்லாம் அம்மம்மாவின் தீர்ப்பு. அப்படியிருக்க, கூட்டத்துக்கு அழைப்பது தாயை மட்டும். நான் பாயில் இருந்து கேட்டதை வீட்டில் அமுல்படுத்த, மேன்முறையீட்டு நீதிமன்றம் போவதுபோல அம்மாவிடம் போக வேண்டியிருந்தது.

எங்கள் கூட்டத்தில் இரண்டு அம்மம்மாமார் இருந்தார்கள். பிள்ளைகளின் தாய்மார் வளைகுடா நாட்டில். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை விட்டுப் போகக் கூடாது என்று 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதி வந்தது. விதி வந்தாலும் வீட்டுக் கடன் காத்திராது. அந்த இருவரும் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. வெள்ளாமை வெட்டு நடக்கும் நாள்களில் எங்களில் பாதிப் பேர் வயலில் இருக்க, அவர்கள்தான் முன்வரிசையில். ஆனாலும் இடாப்பில் அவர்களை "தாய்க்குப் பதில்" என்றுதான் எழுதினார்கள்.

தகப்பன்மார் கூட்டம் ஒரே ஒரு முறை நடந்தது. மூன்று பேர் வந்தார்கள். என் கணவர் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டு நின்றார். மாமியின் வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்ட அவருக்கு எப்போதும் கூச்சம். அதை எந்தக் கூட்டமும் கேட்டதில்லை. இரண்டு வயதுவரை திரை காட்ட வேண்டாம் என்ற பாடத்துக்கும் அவர்தான் முதல் எதிரி. சோறு ஊட்டும்போது போனைக் கொடுப்பார். அந்தச் சண்டையில் எனக்குப் பாதி வெற்றி.

மிகவும் பலவீனமான பாடம் அடிக்காமல் வளர்ப்பது. எதைச் செய்யக் கூடாது என்று நீளமாகச் சொன்னார்கள். சுவரில் 1929 என்ற இலக்கத்தை ஒட்டினார்கள். பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் அறிவிப்பதற்கு. நல்லது. நடுச்சந்தியில் பிள்ளை புரண்டு அழும்போது தாய் எந்த இலக்கத்துக்கு எடுப்பது? மகளுக்கு இரண்டரை வயதில் கடைக்கு முன்னால் அப்படித்தான் விழுந்து புரண்டாள், நான் அடித்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூலையிலிருந்து ஒருத்தி, "நான் நேற்று" என்றாள். அதன்பின் ஒரு மணித்தியாலம் கையேட்டை யாரும் திறக்கவில்லை. வந்திருந்த பிள்ளை சொன்னது ஒன்றுதான்: "முதலில் நீங்கள் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். பிறகு பிள்ளையைத் தூக்குங்கள்." அது இன்றுவரை பலிக்கிறது, பத்தில் ஆறு தடவையாவது.

2023 கடைசியில் திட்டம் முடிந்தது. பதாகை, படம், கையெழுத்து, சிற்றுண்டிப் பொதி, பிரியாவிடை. அந்தப் பிள்ளை வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு ஆறு பேர் மட்டும் கோயில் வெளிவீதியில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். சிரட்டை, குரும்பட்டித் தேர், விதை போட்ட போத்தல் என்று ஒரு பிஸ்கட் தகரம் வீட்டுக்கு வீடு சுற்றுகிறது. போத்தல் இரண்டு காணாமல் போய்விட்டன. யார் வீட்டில் என்று தெரியும், கேட்கவில்லை.

சேர நினைக்கிறவர்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடமோ பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். காசு இல்லை. போகும்போது வீட்டில் அதிகாரம் உள்ளவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சின்னவனுக்கு இப்போது பத்து மாதம். போன கிழமை வேறொரு திட்டத்துக்குப் பதிய வந்தார்கள். படிவத்தில் "தாயின் பெயர்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. நான் எழுதி முடித்ததும் அம்மா பேனையை வாங்கி, கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் தன் பெயரையும் எழுதிவிட்டார்.