மார்த்தாண்டத்தில் வாங்கிய இருமுகச் சாணைக்கல்: பயன்பாடும் பராமரிப்பும்

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் சந்தையைச் சுற்றியுள்ள இரும்புக் கடைகளில், 8 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள இருமுகச் சாணைக்கல் 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. கார்பரண்டம் கல் என்று கேட்டாலே எடுத்துத் தந்துவிடுவார்கள். சிலிக்கான் கார்பைடு துகள்களை இறுக்கிச் சுட்டுச் செய்த இந்தக் கல்லின் ஒரு முகம் சொரசொரப்பாகவும் மறுமுகம் நைசாகவும் இருக்கும். வீட்டு மீன் கத்திக்கும் தோட்டத்து வெட்டுக்கத்திக்கும் சில ஆண்டுகளாக இதையே பயன்படுத்தி வருகிறேன். கொடுத்த விலைக்கு மிக நல்ல கல் என்பது என் முடிவு. ஆனால் இதை வாங்குகிறவர் கத்தியைத் தீட்டுவதோடு நிறுத்திவிடாமல் கல்லையும் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சொரசொரப்பான முகம் வேகமாக வேலை செய்கிறது. மரச்சீனிக் (மரவள்ளிக்) கம்பும் தென்னை மட்டையும் வெட்டி வாய் மழுங்கிய வெட்டுக்கத்தியில்கூட, கொஞ்ச நேரம் தேய்த்ததும் மறுபக்கத்தில் பிசிறு, அதாவது விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு, விரலுக்குத் தட்டுப்படும். சிலிக்கான் கார்பைடு துகள் உருண்டு மழுங்காமல் உடைந்து புதிய முனையைக் காட்டுவதே இதற்குக் காரணம். அந்தப் பிசிறை நைசான முகத்தில் எடுத்து முடித்த கத்தி சூரை மீனின் தோலை இழுபடாமல் அறுக்கிறது. தச்சரின் இழைப்புளி அலகுக்கு மட்டும் இந்த நைசு போதாது. சக்கை (பலாப்பழம்) வெட்டிய கத்தியை அப்படியே கல்லில் வைத்தால் பிசின் கல்லின் துளைகளில் ஏறிவிடும் என்பதால், எண்ணெய் தொட்டுத் துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தீட்ட வேண்டும்.

நாம் பெரும்பாலும் கல்லின் நடுவிலேயே தேய்ப்பதால் அங்கே பள்ளம் விழுகிறது. பள்ளம் விழுந்த கல்லில் கத்தியை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும், முன்னும் பின்னும் நகரும்போது அதன் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். கூர் நிற்பதற்குப் பதிலாக விளிம்பு உருண்டுபோகும். எஃகு அளவுகோலின் விளிம்பைக் கல்லின் மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் இடையில் ஒளிக்கீற்றுத் தெரியும்.

சமன்படுத்துவதற்குத் தடித்த கண்ணாடி ஒன்றும் 120 எண் வாட்டர் பேப்பரும் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போதும். கல்லின் முகம் முழுவதும் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நனைத்த பேப்பரைக் கண்ணாடிமேல் விரித்து, கல்லை அதில் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். ஓரக் கோடுகள் முதலில் அழியும். நடுக் கோடுகள் அழிகிறவரை விடக் கூடாது. கல் கடினமானது என்பதால் பேப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். பழைய ஆட்கள் நனைந்த சிமெண்டுத் தரையில் சலித்த ஆற்று மணலைத் தூவி அதில் தேய்ப்பார்கள். மணல் கல்லின் துகளைவிட மென்மையானதுதான் என்றாலும், துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பை அது அரித்துவிடுவதால் இந்த முறையும் பலன் தருகிறது. பளபளத்துப்போய் இரும்பைப் பிடிக்காமல் வழுக்கும் முகமும் இதனாலேயே உயிர் பெறும்.

புதுக் கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது உறிஞ்சப்படுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உறிஞ்சினால், குமிழி நிற்கும்வரை தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். பிறகு வெயில் படாமல் நிழலில் உலர்த்த வேண்டும். நம் பக்கத்தில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய் என்பதால் பலரும் அதையே ஊற்றுகிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்து, நாள்பட்டால் சிக்குப் பிடித்துத் துளைகளை அடைத்துவிடும். எண்ணெய்தான் வேண்டுமென்றால் தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெய் நல்லது. ஒருமுறை எண்ணெய் குடித்த கல்லில் மீண்டும் தண்ணீர் சரியாக ஏறாது.

பள்ளம் விழுந்த கல்லைத் தூக்கி எறிவது வீண் செலவு. கீழே விழுந்து விரிசல் கண்டால், இரு முகங்களும் சேரும் இடம் பிளந்தால், அல்லது தேய்ந்து தேய்ந்து கையில் பிடிக்கக் கனம் இல்லாமல் போனால் மட்டுமே புதிது வாங்க வேண்டும். வாங்கும்போது இரண்டு கற்களை முகத்தோடு முகம் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். மெல்லத் தட்டிக் கணீரென்ற ஒலி வருகிறதா என்றும் கேளுங்கள். நான் முதலில் போன கடையில் அட்டைப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. அடுத்த கடைக்காரர் தாமே நான்கைந்து கற்களை எடுத்துப் பரப்பி வைத்தார்.

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பால் வெட்டும் கத்தியின் முனை மடிந்திருப்பதால் இந்தத் தட்டையான கல் அதன் உட்புறத்துக்குள் போகாது. மழுங்கிய கத்தியால் அழுத்தி வெட்டும்போது காயம் பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கினால், மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். ஆகவே அந்தக் கத்திக்கு விளிம்பு உருண்ட ஒடுக்கமான கல்லைத் தனியாக வாங்க வேண்டும். கத்தியையும் கடைக்கு எடுத்துச் சென்று, உள்மடிப்பில் கல் சரியாக உட்காருகிறதா என்று வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.