ஜன்னல் கண்ணாடியில் விரிசல்: ஒட்டலாமா, மாற்றலாமா, மாற்றினால் எதைப் போடலாம்?

ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விழுந்தால் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். 'இப்போதைக்கு ஒரு டேப் ஒட்டுங்கள், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்பது ஒரு கட்சி. 'எடுத்துவிட்டு டஃபன்டு (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடி போட்டுவிடுங்கள், இனித் தொல்லையே இல்லை' என்பது மற்றொன்று. இரண்டு தரப்பும் விரிசலை உற்றுப் பார்க்காமலே பேசுகின்றன என்பதுதான் என் குறை. அது எங்கே தொடங்கியது, எப்படி ஓடியது என்று பார்த்தால் பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும்.

பந்தோ கல்லோ பட்ட கண்ணாடியில் அடி விழுந்த இடம் புள்ளியாகத் தெரியும். அங்கிருந்து கோடுகள் நாலாபுறமும் பிரியும். இதில் ஜன்னல் சட்டத்தின் மேல் பழியில்லை. கண்ணாடியை மாற்றினால் வேலை முடிந்தது.

வெயிலால் வரும் விரிசல் வேறு மாதிரி. அது விளிம்பில் தொடங்கும். விளிம்புக்குச் செங்குத்தாகச் சிறிது தூரம் வந்து, பிறகு வளைந்து நெளிந்து போகும். அடிபட்ட புள்ளி எங்கும் இருக்காது. கண்ணாடியின் நடுப்பகுதி வெயிலில் காய்ந்து விரிய, சட்டத்துக்குள் புதைந்த ஓரம் சூடேறாமல் இருந்தால், அந்த இழுவையில் ஓரம் பிளந்துவிடுகிறது. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய மேற்குப் பார்த்த ஜன்னல்கள் இதற்கு எளிதில் இரையாகும். அந்தப் படலம் வெப்பத்தைக் கண்ணாடியிலேயே தேக்கிவைக்கிறது. அங்கே பழையபடி சாதாரணக் கண்ணாடியைப் போட்டு அதே ஃபிலிமை மறுபடி ஒட்டுவது, அடுத்த கோடையின் செலவுக்கு இப்போதே முன்பணம் கட்டுவதுதான்.

மூன்றாவது வகையைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் பழைய இரும்பு ஜன்னல்களில் விரிசல் மூலையில் தொடங்குமானால், முதலில் அந்த மூலையை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் குற்றவாளி கண்ணாடி அல்ல. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உப்பி, கண்ணாடியின் ஓரத்தை நெருக்கி உடைக்கிறது. துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் அடிக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியைப் போட்டாலும் அதுவும் உடையும். மழைக்காலத்தில் ஊதிப்போன மர ஜன்னல் கதவை ஓங்கி அறைந்து சாத்தும் வீடுகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. கதவை இழைத்துக் கொடுக்கத் தச்சரைக் கூப்பிடாமல் கண்ணாடிக்காரரை மட்டும் கூப்பிட்டுப் பயனில்லை.

ஒட்டுவதன் எல்லை

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் ஓடிய விரிசலைச் சரிசெய்ய முடியாது என்பது என் முடிவு. மறைக்கலாம், தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான்.

கார் கண்ணாடிக்கு ரெசின் என்ற பிசினை ஊற்றிச் சரிசெய்கிறார்களே என்று கேட்கலாம். கார் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. கல் பட்டால் வழக்கமாக வெளிக் கண்ணாடி மட்டும்தான் கீறும். நடுப் படலமும் உள் கண்ணாடியும் அதைத் தாங்கி நிற்கின்றன. ரெசின் அந்தப் பள்ளத்தை நிரப்பினால் போதும். வீட்டு ஜன்னலில் இருப்பது ஒற்றைக் கண்ணாடி. பின்னால் தாங்க எதுவும் இல்லை. சூப்பர் குளூவோ ரெசினோ விரிசலுக்குள் இறங்கினால் கோடு கண்ணுக்கு மங்கும். ஆனால் அதன் நுனி அப்படியே இருக்கும். கதவு ஒருமுறை காற்றில் அடித்துக்கொண்டால் கோடு இன்னும் நீளும். விரிசல் ஓடாத சின்னச் சில்லுப் பெயர்வுக்கு மட்டும் இந்த வைத்தியம் போதும். அதுவும் கண்ணாடியின் நடுவில் இருந்தால். ஓரத்தில் இருந்தால் நாளைய விரிசல் அங்கேதான் பிறக்கும்.

டேப்புக்கு ஒரே ஒரு நல்ல வேலை உண்டு: புதுக் கண்ணாடி வரும்வரை சில்லுகள் விழாமல் பிடித்துக்கொள்வது. அதற்கு அகலமான பேக்கிங் டேப்பை விரிசல் நெடுக, இரு பக்கமும் ஒட்ட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் பெருக்கல் குறி போட்டு டேப் ஒட்டுவது வேறு சங்கதி. கண்ணாடி உடைவதை அது தடுக்காது. உடையும்போது பெரிய பெரிய துண்டுகளாக விழவைக்கவும் கூடும். அமெரிக்காவில் சூறாவளிக் காலங்களில் அதிகாரிகளே இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவருகிறார்கள். 2016 டிசம்பரில் வர்தா சென்னையைக் கடந்ததுபோல ஒரு காற்று வந்தால், டேப் ஒட்டிய ஜன்னலைவிட வெளியே பிளைவுட் அடித்த ஜன்னலே பாதுகாப்பு.

ஒட்டுவதே சரி என்று நான் சொல்லும் இடம் ஒன்றுதான். செட்டிநாட்டு வீடுகளைப் போலப் பழைய வீடுகளில் இருக்கும் வண்ணக் கண்ணாடி, இன்று எந்தக் கடையிலும் கிடைக்காத பூ வேலைப்பாடுள்ள கண்ணாடி. அங்கே ஒரு துண்டு போனால் போனதுதான். பழம்பொருள் பராமரிப்பாளர்கள் அதற்கென்றே உள்ள மெல்லிய, நிறம் மாறாத எபாக்ஸி பசையால் விளிம்போடு விளிம்பைப் பொருத்துகிறார்கள். கடையில் விற்கும் சாதாரண எபாக்ஸி நாளாக ஆக மஞ்சளிக்கும்; ஒட்டிய கோடு ஊருக்கே தெரியும். ஆகவே அத்தகைய கண்ணாடி உடைந்தால், துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, தெரிந்தவரைத் தேடுவதே முதல் வேலை.

மாற்றினால் எது?

மற்ற வீடுகளில் உண்மையான போட்டி இங்கேதான் தொடங்குகிறது. களத்தில் இருப்பவை சாதாரணக் கண்ணாடி, டஃபன்டு, லேமினேட்டட். கூடவே பிளாஸ்டிக் இனத்திலிருந்து ஆக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும்.

சாதாரணக் கண்ணாடியின் பெரிய பலம், கடையில் நின்றபடியே வெட்டி வாங்கி வரலாம் என்பது. காலையில் அளவு கொடுத்தால் மாலைக்குள் ஜன்னல் முழுமை பெறும். பழைய வீடுகளில் 3 மி.மீ. கனம் இருக்கும், இன்று மாற்றும்போது 4 மி.மீ.க்குக் குறையாமல் போடுவது நல்லது. அகலமான கதவென்றால் 5. எடை கூடுமே என்ற கவலைக்கு ஒரு கணக்கு: கண்ணாடி எதுவானாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. 18 அங்குலத்துக்கு 40 அங்குலமுள்ள கதவில் 4 மி.மீ. கண்ணாடி சுமார் 4.6 கிலோ, 5 மி.மீ. என்றால் 5.8 கிலோ. நல்ல கீல் இதைத் தாங்கும். பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததே: உடைந்தால் கத்திபோல நீளத் துண்டுகள்.

டஃபன்டு என்பது அதே கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தது. மேற்பரப்பு இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடுகிறது. அதனால் சாதாரணக் கண்ணாடியைப்போல நான்கைந்து மடங்கு வலிமை. வெயிலின் சூட்டு வேறுபாட்டையும் நன்றாகத் தாங்கும். மேற்குப் பார்த்த, ஃபிலிம் ஒட்டிய ஜன்னலுக்கு என் தேர்வு இதுதான். உடைந்தால் கற்கண்டுத் துண்டுகள்போல உதிரும். ஆனால் அதன் குணமே அதன் தொல்லையும்: சூடேற்றிய பின் வெட்ட முடியாது, துளையிட முடியாது. கால் அங்குலம் கூடுதலாக வந்தால் இழைத்துச் சரிசெய்யவும் வழியில்லை, மொத்தமும் வீண். ஆலைக்கு அனுப்பி வரச் சில நாள் ஆகும். நடுவில் பலமாகத் தட்டினாலும் தாங்கும் கண்ணாடி, ஓரத்தில் இடுக்கி லேசாகப் பட்டாலும் பொலபொலவென்று கொட்டிவிடலாம். அபூர்வமாக, உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகளால் யாரும் தொடாமலே வெடிப்பதும் உண்டு.

டஃபன்டு என்று காசு வாங்கிக்கொண்டு சாதாரணக் கண்ணாடியைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடங்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 என்ற தர விதி உண்டு. போலராய்டு கறுப்புக் கண்ணாடி அணிந்து, காலை அல்லது மாலை வானத்தைப் பின்புலமாக வைத்துச் சாய்வாகப் பார்த்தால் டஃபன்டு கண்ணாடியில் மங்கலான பட்டைகளோ புள்ளிகளோ தெரியும். இன்னொன்று: உங்கள் வீட்டு 'டஃபன்டு' ஜன்னலில் ஒற்றைக் கோடாக விரிசல் ஓடி நிற்கிறதென்றால், அது டஃபன்டே அல்ல.

லேமினேட்டட்டில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பி.வி.பி. என்ற படலம். கடையில் 6.38 என்று கேட்டால், 3 மி.மீ. கண்ணாடி இரண்டும் 0.38 மி.மீ. படலமும் சேர்ந்தது என்று பொருள். உடைந்தாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மாடி வீட்டு ஜன்னலிலிருந்து கீழே நடப்பவர் தலையில் எதுவும் விழக்கூடாது என்றால் டஃபன்டைவிட இதுவே மேல். டஃபன்டு உதிரும்போது கொத்துக் கொத்தாகச் சேர்ந்து விழுவதும் உண்டு. புற ஊதாக் கதிரையும் இது பெரும்பாலும் தடுத்துவிடுவதால் திரைச்சீலை வெளுப்பது குறையும். திருடனுக்கு எதிரான காவல் என்று விற்பவர்கள் சொல்வதை நம் ஊரில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஜன்னல்களில் இரும்புக் கம்பி இருக்கிறது. பஸ் ஹாரன் சத்தம் குறையும் என்பது உண்மை, ஆனால் நிபந்தனையோடு: விரல் நுழையும் இடைவெளியுள்ள அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் எந்தக் கண்ணாடி போட்டாலும் சத்தம் இடுக்கு வழியாக வந்துவிடும். 5 மி.மீ.க்கென்று அமைந்த ரப்பருக்குள் 6.38 நுழையாது என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். மர ஜன்னலில் கண்ணாடி உட்காரும் காடி (பள்ளம்) ஆழமாக இருப்பதால், அதைப் பிடித்து நிறுத்தும் மரப்பட்டையான பீடிங்கை மெலிதாக்கிச் சமாளிக்கலாம். ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் படலம் வெளுத்துப் பிரியும். வினிகர் வாடை வீசும் மலிவான சிலிக்கானும் அந்தப் படலத்துக்கு ஆகாது. நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். இரும்புச் சட்டத்துக்கும் அதுவே நல்லது, வினிகர் வகை துருவை வளர்க்கும்.

ஆக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டும் கண்ணாடியில் பாதி எடைதான். தெருவில் கிரிக்கெட் ஓயாத வீட்டின் வென்டிலேட்டருக்குப் பாலிகார்பனேட் பொருத்தம். அதற்கு மேல் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துணியால் துடைத்தாலே கீறும், புற ஊதாப் பூச்சு இல்லாத பாலிகார்பனேட் வெயிலில் மஞ்சளிக்கும், தீப்பிடிக்கும் பொருள். வெப்பத்தில் நன்றாக நீளும் என்பதும் உண்டு. 30 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் ஆக்ரிலிக் 2 மி.மீ. நீளும், கண்ணாடி நீள்வது சுமார் கால் மில்லிமீட்டர்தான். இறுக்கிப் பொருத்தினால் வளைந்து பிதுங்கும்.

இவ்வளவும் சேர்த்துச் சொன்னால்: தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே தொடங்கும் ஜன்னல், மாடிப்படி ஓரம், குளியலறை, குழந்தைகள் ஓடும் இடம் ஆகியவற்றுக்கு டஃபன்டோ லேமினேட்டட்டோ. மற்ற ஜன்னல்களுக்கு 4 அல்லது 5 மி.மீ. சாதாரணக் கண்ணாடியே போதும். 'எல்லாவற்றுக்கும் டஃபன்டு' என்பது வீண் செலவு. லூவர் வென்டிலேட்டரில் ஒரு பட்டை உடைந்தால் யோசிக்கவே வேண்டாம், அதே அளவில் ஒன்று வெட்டி வாங்கிச் செருகிவிடலாம்.

அளவும் பில்லும்

மர ஜன்னலில் பீடிங்கைக் கழற்றியபின் காடியின் உள்ளளவை எடுக்க வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததை எடுத்து, அதிலும் 3 மி.மீ. கழிக்க வேண்டும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமா என்று பாருங்கள். பழைய கதவுகள் சாய்ந்திருக்கும்.

பில்லில் ஒரு சூட்சுமம் உண்டு. பல கடைகளில் அளவை 3 அல்லது 6 அங்குல மடங்குக்கு ஏற்றிக் கணக்கிடுவார்கள். 17½ அங்குலத்துக்கு 39¼ அங்குலம் என்ற துண்டு 4.77 சதுர அடிதான். பில்லில் அது 18க்கு 42 ஆகி 5.25 சதுர அடி என வரும். ஏமாற்று அல்ல, வெட்டி மிஞ்சும் துண்டுக்கான கணக்கு. ஆனால் முன்பே தெரிந்துகொண்டு போனால் வாக்குவாதம் தவிரும். ஒற்றைக் கண்ணாடி என்றால் அதன் விலையைவிட ஆட்டோவும் ஆள் கூலியுமே பெரிதாகும். ஆகவே வீட்டில் விரிசல் கண்ட எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் முடித்துக்கொள்வது மிச்சம்.

கையில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர் மர ஜன்னலைத் தாமே செய்துகொள்ளலாம். உடைந்த கண்ணாடியில் இரு பக்கமும் டேப் ஒட்டி, மேலிருந்து கீழாகத் துண்டுகளை எடுக்க வேண்டும். கீழே தொடங்கினால் மேல் துண்டு கழுத்தளவில் இறங்கும். பீடிங்கைக் கழற்றும்போது மெல்லிய உளியை நீளப் பீடிங்கின் நடுவில் கொடுத்து நெம்பினால் அது வில்லாக வளைந்து ஆணியோடு வரும். திரும்ப அடிக்கும்போது கண்ணாடியின் மேல் ஓர் அட்டையை வைத்து, சுத்தியலைத் தூக்காமல் அட்டையின் மேலேயே வழுக்கித் தட்டுவதுதான் தச்சர்களின் முறை. இரும்பு ஜன்னலில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் இறுகிய மக்கை (புட்டியை) உடைத்தெடுப்பதும், டஃபன்டுக்கு அளவு எடுப்பதும், மாடியில் வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவும் ஆள் வைத்துச் செய்யவேண்டியவை. டஃபன்டு அளவைக் கடைக்காரரே வந்து எடுக்கட்டும். தவறினால் நட்டம் அவருடையது.

புது மக்கு வைத்த ஜன்னலுக்கு உடனே பெயிண்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த மக்கு மேல்தோல் இறுக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். பிறகு அடிக்கும்போது பெயிண்ட் கண்ணாடியின் மேல் 2 மி.மீ. ஏறட்டும், மழைநீர் இடுக்கில் இறங்காது. உடைந்த துண்டுகளைக் குப்பைப் பையில் அப்படியே போடாமல் அட்டைப்பெட்டியில் வைத்து டேப் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி, குப்பை வாங்க வருபவரின் கையில் சொல்லிக் கொடுங்கள். அவர் வெறுங்கையால் தரம் பிரிப்பவராக இருக்கலாம்.